ஏரியை மூடிய ஆகாயத்தாமரை

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கு இலை என்று பெயர். உருளைக்கிழங்குக்குத் தண்டு. கேரட்டும் முள்ளங்கியும் வேர். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் என் அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னும் கொஞ்சம் தண்டு போடட்டுமா?" என்பாள். மாமா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "தண்டு போதும். வேர் இருந்தா ரெண்டு போடு" என்பார். அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது.

"சோத்து முன்னாடி உக்காந்துகினு இன்னா பேச்சு இது? வேரோ தண்டோ, சாப்ட்டு எழுந்திரு."

உங்களில் பலர் என்னோடு திருத்தணியில் படித்தவர்கள். எங்கள் வீட்டுக் கதையை அப்போதே அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். "மாமன் ஓடிப்போச்சே, அந்த வீடு" என்று எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொன்னவர்களும் உங்களில் உண்டு. அதைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போது நாம் எல்லாருமே கிழமை போட்ட மாத்திரை டப்பாவைப் பார்த்து நாளைத் தெரிந்துகொள்கிறவர்கள். நடந்ததை முழுதாகச் சொல்ல இனி என்னையும் அக்காவையும் தவிர ஆளில்லை. அக்கா சொல்ல மாட்டாள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நகரிப் பக்கத்து ஊர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, மீசை அரும்பும் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் நைனாவுக்குக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகிற நிலம். வீடு மட்டும் டவுனில், ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில். மாமாவைப் படிக்கவைத்தது நைனாதான். மெட்ராசில் கல்லூரி, தாவரவியல், கடைசி வருஷம். விடியும்போதே சைக்கிளை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுவார். விளக்கு வைத்த பிறகு திரும்புவார்.

அக்கா பத்தாவது முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். அவளை மாமாவுக்குத்தான் கொடுப்பது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. ஆனால் வழக்கத்துக்காக மட்டும் அக்கா அவர் தட்டில் தண்டும் வேரும் போடவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாமாவின் செய்முறைப் பரீட்சைக்கு, வேரும் தண்டும் இலையும் தங்கள் சொந்த வேலையை விட்டு வேறு வேலை பார்க்கிற செடிகளைச் சேர்க்கவேண்டியிருந்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் பழைய பேப்பர்களுக்கு நடுவே செடிகளை விரித்து, மேலே பலகை போட்டு, பலகைமேல் உடைந்த அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருப்பார். ஈரக் காகிதமும் வதங்கிய பிரண்டையும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாடை அங்கே எப்போதும் இருக்கும். இஞ்சி வேரில்லை, மண்ணுக்குள் படுத்துக்கிடக்கிற தண்டு என்று அவர் சொன்னதை அம்மா கடைசிவரை நம்பவில்லை. "அப்போ எதுக்கு மண்ணுக்குள்ள போய் மொளைக்குது?" என்பாள். "சாப்பாட்டைச் சேத்து வெக்கறதுக்குக்கா. வெயிலு காலத்துல மேல இருக்கறதெல்லாம் காஞ்சிடும் இல்ல? உள்ள இருக்கறது பொழைச்சுக்கும்" என்பார் மாமா.

ஒரு நாள் ஸ்டேஷன் வேலி ஓரத்திலிருந்து சப்பாத்திக்கள்ளியின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தார். தட்டையாக, பச்சையாக இருப்பது இலையில்லை, தண்டு என்றார்.

"தண்ணி இல்லாத எடம். இலை இருந்தா அது வழியா இருக்கற தண்ணியும் போயிடும். அதனால இலையெல்லாம் முள்ளா மாறிடுச்சு. இலை பாக்கற வேலையைத் தண்டு பாக்குது."

நைனா கைகழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு வேலைய யாரு வேணா பாக்கலாம்னு சொல்ற. அப்போ நீ வந்து ஏரு புடி, நான் ரயிலு ஏறிப் போறேன்."

எல்லாரும் சிரித்தோம். மாமாவும்தான். ஆனால் நைனா அதில் பாதியை விளையாட்டாகச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆண்பிள்ளை இல்லாத வீடு. படிப்பு முடிந்தால் மாமா மெட்ராசிலேயே தங்கிவிடுவார் என்ற பயம் அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது.

ரயில் பாதையை ஒட்டி இருந்த ஏரி உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் மழைக்கு முன்பே ஆகாயத்தாமரை வந்துவிட்டது. மழை பெய்யப் பெய்ய ஏரி முழுக்கப் பரவிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னையும் அக்காவையும் கரைக்கு அழைத்துப்போனார். பார்த்தால் புல்தரை மாதிரி இருந்தது. கோழி போன்ற ஒரு பறவை அதன்மேல் காலாற நடந்துபோனது. மாமா குனிந்து ஒரு செடியை இழுத்தார். கொடி போன்ற தண்டு ஒன்றில் கோத்துக்கொண்டு நாலைந்து செடிகள் கூடவே வந்தன. "ஒண்ணைக் கூப்ட்டா குடும்பமே வருது பாரு" என்றார். இலைக்காம்பு நடுவில் உப்பிக் குமிழாக இருந்தது. நகத்தால் கீறிக் காட்டினார்; உள்ளே பஞ்சுபோல் வெள்ளை, முழுக்கக் காற்று. என் காலடியில் ஒன்றைப் போட்டு மிதிக்கச் சொன்னார். டப்பென்று வெடித்தது. அடியில் கறுத்த வேர், அவிழ்த்துப் போட்ட கூந்தல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தொடமாட்டேன் என்று விலகி நின்றாள்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். நைனா சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தையில் முகூர்த்தம் வைத்துவிடலாம் என்றார்.

"படிப்பு முடிஞ்சிடட்டும் பாவா. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்." நைனாவை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு வருஷம் ஆனா இன்னொண்ணு சொல்லுவ. ஊர்ல நாலு பேரு கேக்கறான். ஒரே வீட்ல ரெண்டு பேரையும் வெச்சிகினு இன்னா பதில் சொல்றது நான்?"

"நான் வேணாம்னு சொல்லலையே பாவா."

"வேணும்னும் சொல்லலியே!"

நைனாவின் குரல் தெருவரை கேட்டிருக்கும். மாமா தலையைக் குனிந்துகொண்டு எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல அக்கா டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை பெரிய மழை. ரயில் வந்தது. மாமா வரவில்லை.

முதல் இரண்டு நாள் மழையால் மெட்ராசில் தங்கிவிட்டார் என்று நினைத்தோம். பிறகு நைனா கல்லூரிக்குப் போய்க் கேட்டுவந்தார். மாமா அங்கே வரவே இல்லை. மாமாவின் சைக்கிள் ஒரு வாரமாகக் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஸ்டாண்டுக்காரர் சொல்லியனுப்பினார். அப்படியானால் ரயில் ஏறியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். துணிக்கொடியைப் பார்த்த அம்மா, ஒரு லுங்கியும் துண்டும் காணவில்லை என்றாள்.

"மாத்துத் துணி எடுத்துகினு போயிருக்கான்" என்றார் நைனா. அதோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

திருப்பதி பஸ்ஸில் பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொன்னார். கூட ஒரு பெண் இருந்தாள் என்று அதையே இன்னொருவர் வளர்த்துச் சொன்னார். போலீசில் எழுதிக்கொடுக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு நைனா, "மிச்சம் கீற மானத்தையும் கொண்டுபோய் ஸ்டேஷன்ல வெக்கச் சொல்றியா?" என்றார்.

அக்கா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அவரு அப்படிப் போறவரு இல்ல நைனா."

நைனா அவளை அறைந்தார். நைனா அவளை அடித்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அம்மா மலைக்கு நடந்தே ஏறிப்போய் முருகனிடம் அழுதுவிட்டு வந்தாள். அவள் கேட்டது கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. தாயில்லாப் பிள்ளையை வளர்த்ததற்கு நல்ல கைம்மாறு என்று வருகிறவர்கள் எல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு காலையில் அவள் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். புடவையோடு குந்தி உட்கார்ந்து குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. நான் தலை முழுகிட்டேன். தலை முழுகிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் அவள் ஊற்றிக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு தாழ்வாரத்தில் இருந்த செடிகளையும் பேப்பர்களையும் வாரி வெந்நீர் அடுப்பில் போட்டாள். காய்ந்த இலைகள் சடசடவென்று எரிந்தன. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் நாற்றம் தாங்காது. நாம் எல்லாரும் பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது உங்களுக்கும் நினைவிருக்கும். செத்த மாட்டை யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குப் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊதாப் பூ பூத்திருந்தது.

நைனா அவசரமாக மாப்பிள்ளை தேடினார். கனகம்மாசத்திரத்தில், திருப்பதி ரோட்டோரம் சோடாவும் பீடியும் வாழைப்பழமும் விற்கிற கடைக்காரர். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோனவர். நைனாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அக்கா மறுத்துப் பேசவில்லை. மாமா ஓடித்தான் போனார் என்று அவளும் அதற்குள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாமாவின் கல்லூரி நண்பர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான மெட்ராஸ்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.

"பிராக்டிகல் வந்துகினு கீது சார். அவன் இன்னும் காலேஜ் பக்கமே வரல. இன்னா ஆச்சுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் நைனா.

"சத்தியமா தெரியாது சார். கடைசியா பாத்தப்போ, உங்க ஊரு ஏரியில ஆகாயத்தாமரை கீது, எல்லாருக்கும் சேத்து எடுத்துகினு வர்றேன்னு சொன்னான். ஓரத்துல கீறது நெருக்கத்துல ஒல்லியா வளந்துடுமாம். நடுவுல எடம் இருக்கற பக்கம் போனாதான் குமிழு பெருசா கெடைக்கும்னு..."

"செடி கதையெல்லாம் எங்கிட்ட சொல்லாத. உன்னை நோட்டம் பாத்துகினு வரச் சொன்னானா? கல்யாணம் நிக்குமான்னு பாக்க அனுப்பினானா? போய்ச் சொல்லு, நிக்காதுன்னு."

அவர் செருப்பைக் காலில் மாட்டினார். உள்ளே அம்மா பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஏரி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை நின்றது. சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். நைனா உள்ளே வந்து, "இன்னா பாத்துகினு கீற?" என்றார். அவள் மறுபடி சலிக்கத் தொடங்கினாள்.

தையில் கல்யாணம் நடந்தது. மேளச் சத்தம் ஏரிவரை கேட்டிருக்கும்.

சித்திரை வெயிலில் ஏரி வற்றியது. ஆகாயத்தாமரை சேற்றில் படிந்து, பழுத்து, காய்ந்த பாய் மாதிரி ஆகிவிட்டது. செங்கல் சூளைக்கு மண் எடுக்க வந்தவர்கள் அதைச் சுருட்டி ஒதுக்கினார்கள். முந்தைய வருஷங்களில் அவர்களே மண் எடுத்த பள்ளங்கள் அடியில் இருந்தன. நிற்கிற தண்ணீரில் எது பள்ளம், எது தரை என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு பள்ளத்தில் மாமா கிடந்தார். எலும்பும், அதன்மேல் கறுத்து ஒட்டிய வேரும், இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கியும். கரையோரத்து முட்புதரில், மழையில் தண்ணீர் ஏறி மூடிவிட்ட இடத்தில், அவர் பை மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவருடைய பேண்ட், சட்டை, துண்டு, டிபன் டப்பா. டப்பாவின் அடியில், அம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் இருந்ததுபோல, நைனாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதை வைத்துத்தான் எங்களைத் தேடிவந்தார்கள்.

அவர் ரயில் ஏறவே இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, தண்டவாளத்தை ஒட்டி நடந்தே ஏரிக்குப் போயிருக்கிறார். தண்ணீரில் இறங்குவதற்காகத்தான் லுங்கியை எடுத்துப்போயிருக்கிறார். பள்ளத்தில் கால் போயிருக்கிறது. பச்சை அவர் தலைக்குமேல் மூடிக்கொண்டிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்தது மாட்டை இல்லை.

கரையில் நைனா நின்ற கோலத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் துண்டு கழுத்தில் இல்லை, கையில் இருந்தது. கொள்ளி வைத்தவரும் அவர்தான். காரியத்தன்று, வருஷா வருஷம் திதி கொடுக்க இறந்த நாள் எது என்று ஐயர் கேட்டார். நைனா வாயைத் திறந்தார். 'அவன் ஓடிப்போன நாள்' என்று ஊருக்கெல்லாம் எந்த நாளைச் சொல்லிவந்தாரோ, அதே நாளைச் சொல்லவேண்டும். அவரால் முடியவில்லை. பங்காளி ஒருவர் சொன்னார்.

அக்காவுக்குச் சொல்லியனுப்பவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். சாவுச் செய்தி காதில் விழக்கூடாது, பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அவர்கள் அந்த வருஷம் எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. அவளுக்குத் தெரிந்தது கடை வாசலில். பஸ்ஸை நிறுத்திவிட்டு சோடா குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் டிரைவரும் பேசிக்கொண்டார்கள்: திருத்தணி ஏரியில் கிடைத்தது ஓடிப்போனதாகச் சொன்ன அந்தக் காலேஜ் பையனாம். அக்கா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் வந்து வாசலில் நின்றபோது நான்தான் முதலில் பார்த்தேன். வெயிலில் முகம் சிவந்திருந்தது. காலில் செருப்பில்லை. அம்மா உள்ளேயிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்து, "உன் மாமனைப் பாத்தியாடி, என் தம்பியைப் பாத்தியாடி" என்று அவளைக் கட்டிப்பிடிக்கப் போனாள். அக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

"இப்ப எதுக்கும்மா அழுவுற? நீதான் அன்னிக்கே தலை முழுகிட்டியே."

குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நைனா வெளியே வந்து, "அம்மாடி" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, தண்ணீரை வாங்காமல் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்துபோய்விட்டாள்.

அதன் பிறகு நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்துபோனாள். நைனா சாகும்போதும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அவள் கணவர் அதுவரை கோபம் வரும்போதெல்லாம், "ஓடிப்போனவன் உட்டுட்டுப் போனதுதானே நீ" என்பாராம். ஏரியில் எடுத்த பிறகு அதைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா இன்னும் பல வருஷம் இருந்தாள். எந்த வேலையில் இருந்தாலும் நடுவில் கை நின்றுவிடும், வாசலைப் பார்ப்பாள். கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள்.

அக்கா இப்போது ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். அவர் உன்னை விட்டு ஓடவில்லை என்று தெரிந்தபோது, அதிலாவது கொஞ்சம் ஆறுதல் இருந்ததா என்று.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மணையில உக்காந்துகினு நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? எங்கியோ ஒரு ஊர்ல, எவளோ ஒருத்தி அவருக்கு சோறு போட்டுகினு இருக்கான்னு நெனச்சேன். அவ மூஞ்சி எப்படி இருக்கும், இன்னா கலரு பொடவை கட்டுவான்னு எல்லாம் நெனச்சேன். அவளைத் திட்டாத நாளு இல்ல. வயித்துல புள்ளைய வெச்சிகினு திட்டியிருக்கேன்."

தைல பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அது சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி கழற்றித் திருகினாள்.

"அவ இருந்திருக்கலாம்டி."